அஞ்சலிப் பக்கத்தில் ஆசான்

"சாவு எழுதுறவளுக்கு எதுக்குடி படிப்பு?" என்று கேட்டாள் பிரோஷ்கா.

அது ஜனவரி மாதம். நோவி ஸாத் நகரத்தின் காலைப் பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரம் வாங்கும் ஜன்னல்கள் இரண்டு. ஒன்றில் பிரோஷ்கா, பழைய கார், வாடகை வீடு, காணாமல்போன பூனை எல்லாம் அவளிடம். மற்றதில் ஸ்மில்யா, செத்தவர்கள் எல்லாம் இவளிடம்.

"முப்பத்தொரு வருஷமா ஊரையே வழியனுப்பி வச்சிருக்க. உனக்கு எவன்டி சொல்லித் தரப்போறான்?"

"ஊரை அனுப்பத் தெரியுது. லாஸாவை அனுப்பத் தெரியலையேடி."

பிரோஷ்கா தன் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஊரில் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் பிரிப்பார்கள். காலைக் காப்பியோடு முதலில் அஞ்சலிப் பக்கம். யார் போனார், யார் படம் போட்டார்கள், எந்த மருமகள் பெயரை விட்டுவிட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் பிரதம மந்திரி, மழை, கால்பந்து. ஒருவர் செத்தால் வீட்டார் மட்டும் போட்டால் போதாது. அலுவலகத் தோழர்கள் தனியாக, சதுரங்கக் கழகம் தனியாக, சண்டை போட்ட சம்பந்தி தனியாக என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். நாற்பதாம் நாள், அரை வருஷம், ஒரு வருஷம் என்று மறுபடியும் போடுவார்கள். எழுத வராதவர்களுக்கு அலுவலகத்தில் அச்சடித்த வாசகங்கள் ஆறு உண்டு. நம்பரைச் சொன்னால் போதும். ஆனால் ஸ்மில்யாவின் ஜன்னலுக்கு வருகிறவர்கள் நம்பர் சொல்வதில்லை. செத்தவரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவார்கள், இவள் இரண்டு வரியில் ஆளைப் பிடித்துவிடுவாள். கத்திக்கத்தியே காலம் தள்ளிய ஒரு கசாப்புக்காரருக்கு இவள் எழுதியது: 'குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. இனி எங்கள் தெருவில் நாய் மட்டும்தான் குரைக்கும்.' அந்தத் தெருவே அதை வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொண்டது.

அப்படிப்பட்டவள், தன் புருஷன் லாஸா போன நவம்பரில் செருப்பை மாட்டிக்கொண்டே முக்காலியில் சாய்ந்து செத்தபோது, படிவத்தில் 'லாஸா' என்று எழுதிக் காற்புள்ளி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நாலாம் நம்பர் போட்டாள்: 'ஆறாத் துயரத்துடன் மனைவி.' நாற்பதாம் நாளுக்கும் அதே நாலாம் நம்பர். லாஸா இருந்திருந்தால், "நாலாம் நம்பரா? நான் என்ன பூட்ஸா?" என்று கேட்டிருப்பான். டான்யூப் நதியில் மணல் வாரும் படகு ஓட்டியவன். வாய் அவனுக்கு அந்தப் படகின் வாரியைப் போல, போனால் எதையாவது அள்ளிக்கொண்டுதான் வரும்.

ஒரு வருஷ நினைவு நாளுக்குள் தன் சொல்லில் நாலு வரி. அவ்வளவுதான் ஸ்மில்யாவுக்கு வேண்டியிருந்தது.

சந்தைக்குப் பக்கத்தில், பூரெக் என்னும் அடுக்குப் பலகாரம் விற்கும் அடுமனைக்கு மேல்மாடியில், 'சொல்லின் வாசல் அகாதெமி' இருந்தது. ஐந்து நிலைகள். முடித்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். நிலைக்கு முந்நூறு யூரோ. கல்லறையில் மரச்சிலுவையை எடுத்துவிட்டுக் கருங்கல் வைப்பதற்கென்று ஸ்மில்யா சேர்த்திருந்தது சரியாக ஆயிரத்து ஐந்நூறு. கல்லைவிடச் சொல் பெரிது என்று அவள் நினைத்தாள். முதல் நாள் ஆசானும் அதையேதான் சொன்னார்.

ஆசான் பெயர் ராதிவொய் தபாவிட்ஸா. கழுத்தில் கறுப்புச் சால்வை, அறைக்குள்ளும் எடுப்பதில்லை. சாதாரணப் பேச்சு அவருக்கு வராது, எப்போதும் மேடைதான்.

"அன்பர்களே! இங்கே எழுதக் கற்றுத்தருவதில்லை. எழுதக் கற்றுக்கொண்டவன் மறுநாள் வகுப்புக்கு வருவானா? மாட்டான். ஆகவே அவனுடைய வளர்ச்சி அன்றோடு நின்றுவிடுகிறது. எங்கள் பழைய மாணவர்கள் பதினோரு ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறார்கள். இதைவிடச் சான்று வேறு என்ன வேண்டும்?"

எல்லாரும் கை தட்டினார்கள். பதினோரு வருஷக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

"ஐயா எழுதின புஸ்தகம் எங்க கிடைக்கும்?" என்று ஸ்மில்யா கேட்டாள். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, படிக்கத்தான் கேட்டாள்.

அறை ஜில்லென்று ஆனது. ஆசான் கண்ணை மூடித் திறந்தார்.

"பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாவலின் முதல் வாக்கியத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறேன், அம்மணி. எழுதிய நூல் ஆசிரியனைச் சிறைவைக்கும். நான் விடுதலையானவன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் உக்லேஷா காதோடு சொன்னார்: "புஸ்தகம் பத்தி அவர்கிட்ட கேக்கக்கூடாதுக்கா. நாலாவது வருஷம்தான் எனக்கே தெரிஞ்சுது."

முதல் நிலை, வெண்தாள் நிலை. பத்து வாரம் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட வேண்டும். பேனாவை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். தாளும் வகுப்பு முடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டியது. அதில் எழுத்து இருந்தால் அபராதம். பத்தாம் வாரம் சான்றிதழ் தந்தார்கள். அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"பேராவது போட்டிருக்கானா?" என்று பிரோஷ்கா தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"வெளிச்சத்துல பாரு. நீர்க்குறியா இருக்காம்."

"அடுமனை வெண்ணெய்க் கறைடி அது."

இரண்டாம் நிலையில் எந்தப் பொருளையும் அதன் பெயரால் சொல்லக்கூடாது. 'லாஸா ஆற்றில் மணல் வாரினான்' என்று ஸ்மில்யா எழுதினாள். ஆசான் அதை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"மணல் என்பது மணலா?"

"ஆமாங்கய்யா. லாரியில ஏத்தி வித்தாங்க."

"ஐயோ அம்மணி!" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அது 'லாஸா, நதியின் அடிவயிற்றை வருடும் இரும்புத் துயரம்' ஆனது. மூன்றாம் நிலையில் வினைச்சொல் கூடாது, வினை என்பது வேலைக்காரர்களின் மொழி. 'லாஸா. நதி. வயிறு. இரும்பு' என்று சுருங்கியது. அரை வருஷ நினைவு நாள் வந்தபோது, "இதைப் பத்திரிகையில போடலாமா?" என்று கேட்டாள். "பழுக்கவில்லை" என்று சொல்லிவிட்டார். லாஸாவுக்கு மறுபடியும் நாலாம் நம்பர்.

நாலாம் நிலைதான் கடினம். ஆள் நீக்கம்.

"லாஸா என்று ஒருவர் வருகிறாரே, அவர் எதற்கு?"

"அவருக்காகத்தாங்கய்யா எழுதுறேன்."

"பெயர் வாசகனுக்குத் தடை. எடுத்துவிடுங்கள்."

எடுத்துவிட்டாள். அவனோடு வயிறும் இரும்பும் போயின. மிச்சம் இருந்தது: 'நதி. மூடுபனி.'

"மூடுபனி எங்கேருந்துடி வந்துச்சு?" என்றாள் பிரோஷ்கா.

"தெரியலை. எல்லாருக்கும் கடைசியில அதுதான் வருது. பல் டாக்டர் கடைவாய்ப் பல்லுல ஆரம்பிச்சார், அவருக்கும் மூடுபனிதான்."

ஐந்தாம் நிலை, பழுத்தல். எழுதியதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்து வாரம் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கும் முந்நூறு. அக்டோபர் கடைசியில் அலமாரியைத் திறந்து, தாளை முகர்ந்து பார்த்து, 'அரைப் பழம்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முழுப் பழமாக வேண்டுமென்றால் ஆறாம் நிலை வரப்போகிறதாம்.

இதற்குள் ஜன்னலிலும் விஷயம் கெட்டுப்போயிருந்தது. வந்தவர்கள் பேசப்பேச ஸ்மில்யாவின் கை படிவத்தின்மேல் நின்றுவிடும். ஒரு விதவையிடம், "உங்க வீட்டுக்காரர் வாழ்க்கையில மையச் சிக்கல் என்னங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"நான்தான்" என்றாள் அந்த அம்மாள்.

பழைய ஸ்மில்யாவாக இருந்தால் அந்த ஒரு சொல்லை வைத்தே பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பாள். இவள் மூடுபனி போட்டாள். மறுநாள் அந்த அம்மாள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்து ஜன்னலில் தட்டினாள். "என் புருஷன் மூடுபனியிலயா செத்தார்? ஆஸ்பத்திரியில செத்தார்மா, ரெண்டாவது மாடியில!"

அன்றிலிருந்து ஸ்மில்யாவும் நம்பர் கேட்க ஆரம்பித்தாள். "உங்களுக்கு ஒண்ணாம் நம்பரா, மூணாம் நம்பரா?" முப்பத்தொரு வருஷத்துக் கை போயே போய்விட்டது. கல்லும் போயிற்று. லாஸாவின் ஒரு வருஷம் நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை. சனிக்கிழமைப் பக்கம் வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு மூடும்.

அதே வாரம் புதன்கிழமை, ஜன்னலில் ஒரு கறுப்புச் சால்வை வந்து நின்றது.

"அம்மணி, இங்கே யார் பொறுப்பு?"

ஏழு மாதம் முன்வரிசையில் உட்கார்ந்து மூச்சு விட்டவள்தான் எதிரே இருக்கிறாள். ஆசானுக்குத் தெரியவில்லை. வகுப்பில் அவர் பார்ப்பதெல்லாம் எல்லார் தலைக்கும் ஒரு முழம் மேலே.

"நான்தாங்க. சொல்லுங்க."

"என் அன்னை மறைந்து அரை ஆண்டு. நாளை வர வேண்டும்." தாளை நீட்டினார். ஸ்மில்யா ஒரே பார்வையில் படித்தாள்.

'மூடுபனி. கருவறை. வெண்தாள். ஒரு குரல், இனி இல்லை. உதிர்ந்த இலை: நான். மௌனம்: நான்.' மேலே படம். படத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவரே. படத்தின் கீழே 'ராதிவொய் தபாவிட்ஸா' என்று கொட்டை எழுத்தில் அவரே எழுதியிருந்தார்.

அலுவலகத்தில் ஒரு விதி: எதிலாவது குறை இருந்தால் மூன்று முறை கேட்க வேண்டும். ஸ்மில்யா கேட்டாள்.

"அம்மா பேரு போடலாங்களா?"

"பெயர் வாசகனுக்குத் தடை."

"அம்மா படம் இருந்தா குடுங்களேன்."

"அவள் முகம் என் முகத்தில் வாழ்கிறது."

"எல்லாரும் கூடுறது என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கல்லறைன்னு..."

"தகவல் என்பது மொழியின் வறுமை, அம்மணி."

மூன்று ஆயிற்று. இருந்தும் மனசு கேட்காமல் நாலாவதும் சொன்னாள்: "ஐயா, இப்படியே போட்டா ஊர் வேற மாதிரி புரிஞ்சுக்கும்."

ஆசான் சிரித்தார். "புரிந்துகொள்ளும் வாசகனுக்காக நான் எழுதுவதில்லை. ஒரு கவுண்டர்க்காரி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு காற்புள்ளிகூட மாறக்கூடாது!"

ஸ்மில்யா படிவத்தைத் திருப்பி வைத்தாள். "வாசகமும் படமும் என் பொறுப்புன்னு இங்க ஒரு கையெழுத்து."

மூன்று வரி இடத்தை அடைத்துக் கையெழுத்துப் போட்டார். சால்வையை வீசிக்கொண்டு போனார்.

அடுத்த ஜன்னலிலிருந்து பிரோஷ்கா எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! கறுப்புக் கட்டத்துக்குள்ள அவர் மூஞ்சியா? கூப்பிடுடி அவரை!"

"காற்புள்ளி மாறக்கூடாதாம்" என்றாள் ஸ்மில்யா. மேலே வழக்கமான சிலுவையை வைத்து, கறுப்புக் கோடு கட்டி, அச்சுக்கு அனுப்பினாள். பத்து மாதத்தில் அவள் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பிய முதல் படைப்பு அது.

வியாழக்கிழமை காலைக் காப்பியோடு ஊர் முழுக்க ஆசான் செத்துப்போனார்.

ஆசானுக்கு மட்டும் தெரியாது. அவர் வீட்டுத் தொலைபேசி எட்டு மணியிலிருந்து அடித்தது. எடுத்து "யார்?" என்று கேட்டால், அந்தப் பக்கம் ஒரு வீறிடல், டக்கென்று வைத்துவிடுவார்கள். ஏழு பேர் அப்படி. தன் வரிகள் மக்களைப் பேச்சிழக்கச் செய்துவிட்டன என்று எடுத்துக்கொண்டார். அடுமனைக்காரர் அவரைக் கண்டதும் சிலுவைக் குறி போட்டு பூரெக்கை இலவசமாகக் கொடுத்தபோதுகூட, இலக்கியத்துக்கு இந்த ஊரில் மரியாதை வந்துவிட்டதே என்றுதான் சாப்பிட்டார்.

பத்து மணிக்குள் ஸ்மில்யாவின் ஜன்னலில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. அகாதெமி மாணவர்கள். ஆசான் போனால் கட்டம் கட்டிப் போடாமல் இருக்க முடியுமா? ஸ்மில்யா எல்லாரிடமும் விதிப்படி கேட்டாள்: "நம்பரா, சொந்த வாசகமா?"

முதலில் நின்ற பல் டாக்டர் உக்லேஷா, "ரெண்டாம் நம்பர்..." என்று இழுத்தார். பிறகு பேனாவைப் பார்த்தார். அதை யாரும் பிடுங்கவில்லை. "குடுங்கக்கா" என்று படிவத்தை இழுத்து, நின்றபடியே, மூச்சுகூட விடாமல் எழுதினார்:

'ஆசானுக்கு. நான்கு வருடம், ஒன்பது சான்றிதழ், ஒரு கதை இல்லை. பல்லைப் பிடுங்கினால் நான் பல்லையாவது கையில் கொடுப்பேன். மண் உங்களுக்கு லேசாக இருக்கட்டும். உக்லேஷா.'

பின்னால் நின்ற ஓய்வுபெற்ற டீச்சரம்மா அதை எட்டிப் படித்தாள். "டாக்டரே, நீங்க எழுத்தாளராச்சே!" என்று அலறினாள். அடுத்தது அவள் முறை.

'என் கதையிலிருந்து என் அம்மாவை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். இன்று வந்தது உங்கள் அஞ்சலி. அதிலும் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். நான்காம் நிலை, தோல்வி.'

அதற்கப்புறம் நிற்கவில்லை. பேருந்து ஓட்டுநர் எழுதினார், நோட்டரி எழுதினார், பதினோரு வருஷக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து எழுதி, சேர்ந்து அழுது, அழுகையோடு சிரித்தார்கள். 'மூச்சு விடுங்கள் என்றீர்கள், விட்டோம். நிறுத்தியது நீங்கள்தான்.' மதியம் அடுமனைக்காரரும் மாவுக்கையோடு வந்தார். 'ஏழு வருடம் உங்களுக்குக் கீழே இருந்தேன். மாடியிலிருந்து பேனா விழுந்த சத்தம்கூடக் கேட்டதில்லை. இன்று காலை வந்து பூரெக் தின்றது யார் என்று தெரியவில்லை.'

வினைச்சொல் இருந்தது. பெயர் இருந்தது. ஆள் இருந்தான். மூடுபனி ஒரு படிவத்திலும் இல்லை. ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கி அடுக்கும்போது ஸ்மில்யாவின் விரல் துடித்தது. குளிரில் மரத்த கையை அடுப்பில் காட்டினால் வருமே, அந்தக் குத்தல்.

வெள்ளிக்கிழமை காலை அவை ஒன்றரைப் பக்கம் வந்தன. ஒன்பது மணிக்கு ஆசான் வந்தார். சால்வை இல்லை. மேடையும் இல்லை.

"ஐயோ, நான் சாகலைம்மா! என்னா பண்ணி வச்சிருக்கீங்க? மாத்துங்க! நாளைக்கே மாத்துங்க!"

ஸ்மில்யா புதன்கிழமைப் படிவத்தை எடுத்து, மூன்று வரிக் கையெழுத்தைக் காட்டினாள். ஆசான் அதைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக, தலைக்கு மேலே இல்லாமல், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க... எங்கயோ பாத்த மாதிரி..."

"அரைப் பழம்" என்றாள் ஸ்மில்யா. "மறுப்பு போடலாங்கய்யா. காசு கிடையாது. நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். ரெண்டு மணிக்குப் பக்கம் மூடிடும்."

வெற்றுப் படிவத்தையும் பேனாவையும் கொடுத்தாள். எதிரே இருந்த மேஜையில் ஆசான் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு 'நான்' என்று எழுதி அடித்தார். பன்னிரண்டுக்குத் தண்ணீர் கேட்டார். சுற்றிலும் ஆட்கள் கூடி, செத்தவர் உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஒரு கிழவி சிலுவைக் குறி போட்டாள்.

"எழுதிக் குடுத்திடேன்டி, பாவம்" என்றாள் பிரோஷ்கா. "'நான் உசிரோட இருக்கேன்.' உனக்கு அரை நிமிஷ வேலை."

"முந்நூறு யூரோ குடுத்து நாலு பேரு அவர்கிட்ட வந்தாங்களே, ஒரு வரி எழுதச் சொல்லிக் குடுத்தாரா?"

"அதுக்காக ஒரு மனுஷன் செத்தே கெடக்கணுமா?"

"அவர் விடுதலையானவர்டி. நாம எழுதி அவரைச் சிறையில வைக்கக்கூடாது."

ஒன்றே முக்காலுக்கு ஆசான் எழுந்து வந்தார். நெற்றியில் வியர்வை. குரல் தாழ்ந்து, கெஞ்சலாக வந்தது. "அம்மா... முதல் வாக்கியம் வர மாட்டேங்குது. நீங்க கொஞ்சம்..."

"ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் எல்லாம் செத்தவங்களுக்குத்தாங்க. உசிரோட இருக்கிறவங்களுக்கு நம்பர் கிடையாது. சொந்தமாத்தான் எழுதணும்."

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். ஸ்மில்யா ஒரு படிவத்தை உருவிக்கொண்டாள். 'லாஸார் மிர்கோவ், ஒரு வருஷம்' என்று தலைப்பில் எழுதினாள். லாஸா மீன் பிடிக்கிற படத்தை ஒட்டினாள். அதற்குக் கீழே, தலையை நிமிர்த்தாமல், அடிக்காமல் எழுதினாள்:

'லாஸா, உன் கல்லுக்கு வைத்திருந்த பணத்தை ஒரு முட்டாளிடம் கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மீன் பொரித்து வைத்துக் கூப்பிட்டிருப்பாய். ஒரு வருஷமாக இரண்டாம் நாளிலேயே இருக்கிறேன். ஸ்மில்யா.'

பிரோஷ்கா வாங்கிப் படித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, தானே எடுத்துப்போய் அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு அடித்தது. ஸ்மில்யா ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆசான் எழுந்து நின்று தாளை ஆட்டினார். அதில் இருந்த ஒரே சொல் இங்கிருந்தே தெரிந்தது: மூடுபனி.

"இனி எப்போடி அவருக்கு?" என்று கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள் பிரோஷ்கா.

"ஞாயித்துக்கிழமை பேப்பர் கிடையாது. திங்கக்கிழமை அரசாங்க லீவு. செவ்வாய்க்கிழமைதான்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் செத்தவர்தான்" என்றாள் ஸ்மில்யா. "செவ்வாய்க்கிழமையும் எழுதித்தான் குடுக்கணும்."